பத்திர எழுத்தர் நடத்திய விண்வெளி இதழ்

எங்கள் இதழின் ஆசிரியர் தொழிலால் பத்திர எழுத்தர். திண்டுக்கல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. வார நாட்களில் அங்கே கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே மேசையில், அதே கணினியில், வேறு கிரகங்களில் நடக்கும் கதைகளைத் திருத்துவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதழ் வரும். விஞ்ஞானக் கதைகளைத் தவிர வேறெதையும் அதில் போடமாட்டார். கவிதை அனுப்புகிறவர்களுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதித் திருப்பி அனுப்புவார்.

நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு கதை அனுப்பினேன். பதில் கடிதம் வரவில்லை. அவரே வந்தார். காலைக் கூட்டத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன்.

"சாப்டாம வந்திருக்கீங்களா?"

"சாப்டாச்சும்மா. ரத்தம் குடுக்க வரலை. நீங்க அனுப்புன கதையைப் பத்திக் கேக்க வந்தேன். அந்த ஊரு எங்க இருக்கு?"

"செவ்வாயில."

"அது படிச்சாலே தெரியுது. செவ்வாயில எங்கன? ஊருக்குக் கிழக்க என்ன இருக்கு, மேக்க என்ன இருக்கு? நாலெல்லை தெரியாத எடத்துல ஒரு பொம்பளையக் கொண்டுபோயி எப்படிக் குடிவைக்கிறது?"

பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியானம் வரச் சொன்னேன். வந்தார். கதையில் மூன்று இடங்களில் பென்சில் கோடு போட்டிருந்தார். மூன்றும் நானே சந்தேகப்பட்டு விட்டுவைத்த இடங்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. எங்கள் இருவருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம்.

இதழுக்குப் படம் வரைகிறவர் செம்பட்டியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தார். காதணி விழா, புதுமனை புகுவிழா, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் அவர் கையில்தான் உருவாகும். என்னைவிட இளையவர். கதையை முழுதாகப் படிக்கமாட்டார். போனில் கூப்பிட்டு, "அக்கா, அங்க வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும்?" என்று மட்டும் கேட்பார். சொன்னால் போதும். ஒரு வாரத்தில் படம் வந்துவிடும். கணினியில் வரைந்தாலும் தூரிகையில் தீட்டியது மாதிரி இருக்கும். சின்ன வயதில் லாரிகளுக்கு எழுத்து எழுதியவர்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த இதழ் அது. நான் அதில் எழுதுவது யாருக்கும் தெரியாது. என் நிலையத்தில் பக்கத்து மேசைப் பெண்ணுக்குக்கூடத் தெரியாது. அது எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை.

வருடம் ஒருமுறை அண்ணனின் ரத்தத்தை நான்தான் எடுப்பேன். நான்கு வருடங்களுக்கு முன் கொழுப்பும் சர்க்கரையும் கூடியிருந்தன. ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றேன். "இந்த இதழ் அச்சுக்குப் போகட்டும் தங்கச்சி" என்றார். அடுத்த வருடம் இன்னும் கூடியிருந்தது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே பதில். அதற்கடுத்த வருடம் நான் சொல்லவில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் அதைப் பற்றியே பேசினேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு மதினியிடமிருந்து போன் வந்தது. அண்ணனின் மனைவி. கீரனூர்க்காரர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் திண்டுக்கல்லில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

"அம்மிணி, அவருக்கு வாய் கோணிக்கிச்சுங்க. வலது கை தூக்க வரலைங்க. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறமுங்க."

"நான் வாரேன் மதினி" என்றேன். போனை வைத்தேன். மேசையில் பதினேழு குப்பிகள் இருந்தன. அவற்றை இயந்திரத்தில் அடுக்கிச் சுழலவிட்டேன். சுற்றி முடியும்வரை நின்றேன். மேலே தெளிந்த நீரை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முடிவுகளை எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை, பிறகு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் முடிந்து இரண்டு மணிக்குத்தான் லீவு கேட்டேன். ஏன் உடனே கிளம்பவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போனேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது.

இருபது நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. நாம் பேசுவது புரியும், ஆனால் பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு சொல் மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி. வேண்டாமென்றாலும் சரி. என்னைப் பார்த்ததும் "சரி, சரி, சரி" என்றார். மதினி, "உங்களை வாங்கன்னு சொல்றாருங்க" என்றார்.

இதழ் பாதியில் நின்றிருந்தது. ஐந்து கதைகளைத் தட்டச்சு செய்திருந்தார், திருத்தி முடிக்கவில்லை. ஆறாவது என்னுடையது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை. இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். செம்பட்டித் தம்பியும் வந்திருந்தார். அவர்தான் சட்டென்று கேட்டார்.

"அண்ணே, இதழைக் கொண்டு வந்துருவமா? அக்கா படிச்சுக் காட்டட்டும். நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."

"சரி" என்றார் அண்ணன். அது ஆமாவா இல்லையா என்று நாங்கள் இரண்டு பேரும் மதினியைப் பார்த்தோம்.

"ஆமாங்கறாருங்க" என்றார் மதினி.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நான் மத்தியானம் மூன்று மணிக்குப் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கதையைச் சத்தமாகப் படிப்பேன். மதினி அடுப்படியில் வேலையாக இருப்பார். நன்றாகப் போகும்போது அண்ணன் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிடிக்காத இடம் வந்தால் "சரி" என்பார். அந்தச் சரி வெட்டினாற்போல விழும். நான் நிறுத்தி, இந்த வரியா, இந்தச் சொல்லா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியான இடத்தைத் தொட்டதும் இழுத்து ஒரு "சரி" வரும். ஒரு வரிக்கு ஒரு கால்மணி நேரம்கூட ஆகியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் கதையில், காற்றே இல்லாத கிரகத்தில் ஒருவன் காய்கறிக் கடையில் கூவிக்கூவி விற்கிறான். அந்த இடத்தில் அண்ணன் விடவேயில்லை. நாங்கள் மூன்றாவது ஞாயிறுதான் கண்டுபிடித்தோம். காற்றில்லாத இடத்தில் கூவினால் எப்படிக் கேட்கும்?

பார்ப்பவர்களுக்கு இது நெஞ்சை உருக்கும் காட்சியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் சிலர் வாசலில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. பஞ்சை வைத்து அடைத்தது மாதிரி இருந்தது. படிப்பேன், குறிப்பேன், ஐந்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போய் இட்லிக்கு ஊறப்போட்டதை அரைப்பேன். என் கணவர் ஒருநாள், "ஒருதடவை உக்காந்து அழுதுரு. லேசாகிரும்" என்றார். முயன்று பார்த்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை. எழுந்துவிட்டேன்.

கடைசியாக என் கதை. செவ்வாயில் ஒரு குடியிருப்பு. அங்கே தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு பெண். புழுதிப்புயலில் வெளியே போன கணவனின் வண்டி திரும்பவில்லை. அவள் தினமும் போல அன்றைய மாதிரிகளைச் சோதித்து, குழாய்களைக் கழுவி, கவிழ்த்து வைக்கிறாள். கடைசிப் பத்தியில் தூரத்தில் வண்டியின் விளக்கு தெரிகிறது. அண்ணன் நோயில் விழுவதற்கு முன்பே எழுதிய கதை.

கடைசிப் பத்தியைத் தொடங்கியதும், "சரி" என்றார். வெட்டினாற்போல.

"எந்தச் சொல்லுண்ணே? விளக்கா? தூரமா?"

"சரி. சரி."

ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். எதற்கும் இழுத்த சரி வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. இடது கையால் காகிதத்தைத் தட்டினார். அது என் மடியிலிருந்து கீழே விழுந்தது. மதினி ஓடிவந்து, "இன்னைக்குப் போதுமுங்க அம்மிணி" என்றார். அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறு கதையைப் படித்துக்கொண்டே போனேன். குழாய்களைக் கவிழ்த்து வைக்கிற இடத்தில் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றேன். அண்ணன் இழுத்து, "சரி" என்றார்.

"இதோட முடிக்கவா?"

கூரையைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். கதை நன்றாகத்தான் ஆயிற்று. நன்றாக ஆகிவிட்டது என்பது தெரிந்தது. அதில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

சித்திரையில் இதழ் அச்சாகி வந்தது. முதல் பிரதியை அண்ணனின் இடது கையில் வைத்தோம். அவர் அதைத் திறக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார், பிறகு நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். மதினி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"ஏனுங்க, அந்த வண்டி வந்துச்சுங்களா இல்லீங்களா?"

"எந்த வண்டி மதினி?"

"உங்க கதையிலதானுங்க. நீங்க படிக்கறப்ப நான் கேட்டுட்டுத்தானே இருந்தேன். வெளக்குத் தெரிஞ்சுதுங்களே. இதுல காணோம்."

"எடுத்துட்டோம். அண்ணன் வேணாம்னாரு."

"அது எதுக்குங்க எடுத்தீங்க? அந்தப் புள்ள பாவமில்லீங்களா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மதினி இதழை மேசையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

ஐப்பசியில் அண்ணனுக்கு இரண்டாவது முறை வந்தது. இந்தத் தடவை மதுரைவரை போக நேரமிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை விடிந்தபோது போய்விட்டார். மதினி போனில் இரண்டு வார்த்தைதான் பேசினார். நான் செம்பட்டிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அண்ணன் போயிட்டாரு."

"பேனர் நான் போட்டு எடுத்துட்டு வாரேன்க்கா. பின்னாடி என்ன வைக்க? எல்லாத்துக்கும் வைக்கிற மேகமும் புறாவும் அவருக்கு வேணாம்ல?" என்றார்.

"வேணாம். நம்ம மொத இதழு அட்டையை வையி."

பத்து மணிக்கு ஃப்ளெக்ஸோடு வந்து சேர்ந்தார். கறுப்பு வானம். நடுவில் மஞ்சளாக, வளையத்தோடு ஒரு பெரிய கிரகம். ஓரத்தில் அண்ணனின் பாஸ்போர்ட் படம். கீழே பெயரும் கண்ணீர் அஞ்சலியும். வாசலில் கட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. மதினியின் அண்ணன் கீரனூரிலிருந்து வந்திருந்தார். விவசாயி, பெரியவர். தெருவில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது சனிங்களா?"

"ஆமாங்கய்யா. சனிக் கிரகம்."

"எழவு வீட்டு வாசல்ல சனியைக் கொண்டாந்து கட்டலாமுங்களா? இன்னைக்குக் கெழமையும் சனி. சனிப் பொணம் தனியாப் போகாதும்பாங்க. அதுக்குத்தான் பாடையில கட்டக் கோழிக்குஞ்சு வாங்க ஆள் போயிருக்குது. நீங்க என்னடான்னா அவனையே கூப்புட்டு உக்கார வெச்சிருக்கறீங்க."

பந்தலில் உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவிழ்த்துவிடுகிறேன் என்றார். பெரியவர் கோபக்காரர் இல்லை. "அவுக்க வேணாமுங்க. அந்த வளையத்தை மட்டும் ஏதாச்சும் பண்ணிருங்க" என்றார்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. தம்பி பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கறுப்பிலும் மஞ்சளிலும் சின்ன டப்பா எனாமலும் ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்தார். பேனரை அவிழ்த்துத் தெருவோரம் தரையில் விரித்தோம். காற்றில் தூக்காமல் இருக்க ஒரு முனையில் நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் மண்டியிட்டு வளையத்தைக் கறுப்பால் மூடினார். கிரகத்தின் குறுக்கே போகிற பகுதிக்கு மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து தடவினார்.

"பிரஷ்ஷப் பிடிச்சு எம்புட்டு வருசமாச்சுக்கா" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டு தீட்டினார். கோடு பிசகவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வரும் என்று எதிர்பார்த்தேன். எனாமல் வாசனை மட்டும் வந்தது. காய்ந்ததும் கட்டினோம். பார்த்தவர்கள் பௌர்ணமி நிலா என்று நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் எடுத்தார்கள். பாடையில் கோழிக்குஞ்சு கத்திக்கொண்டே போனது. அடுத்த நாள் எனக்குக் காலை டியூட்டி. போனேன். பேருந்து நிலையத்திலிருந்து நடந்துவரும்போது ஜெராக்ஸ் கடை மாடியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். பூட்டியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து மதினி வரச் சொன்னார். அலுவலக அறையைக் காலிசெய்து எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பத்திர நகல்களை இன்னொரு எழுத்தர் எடுத்துப்போய்விட்டார். மிச்சம் கணினியும் ஒரு துணிப்பை நிறையக் கதைகளும். நத்தம், பழனி, எங்கெங்கிருந்தோ வந்தவை. சிலது கையெழுத்தில்.

"இவுங்களுக்கெல்லாம் என்னங்க சொல்றது?" என்றார் மதினி.

"இதழ் நின்னுபோச்சுன்னு நான் எழுதிப் போட்டுர்றேன்."

மதினி தலையசைத்தார். பையிலிருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீங்க அன்னைக்கும் அழுகலை, காரியத்தன்னைக்கும் அழுகலை. ஏனுங்க?"

"வரலை மதினி." யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "அண்ணனுக்கு முன்னாடியே ரத்தத்துல கூடுதலா இருந்துச்சு. ரெண்டு வருசம் சொன்னேன். மூணாவது வருசம் சொல்லலை."

"எனக்கும் தெரியுமுங்க. பையில ரிப்போர்ட்டப் பார்த்தேன். நானும் சொல்லலை. சொன்னாலும் கேக்கமாட்டாருன்னு விட்டுட்டேன்." புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் வரலைங்க அம்மிணி. ஊர்ச்சனம் பாக்குதுன்னு கத்தினேன். வரலைங்க."

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சொன்னதால் லேசாகவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது முன்போலக் கஷ்டமாக இல்லை.

கிளம்புவதற்காகத் துணிப்பையைத் தூக்கினேன். மதினி அதன் மறுகாதைப் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துல இருக்கறத எல்லாம் யாருங்க டைப் அடிச்சாங்க, இத்தனை நாளா?"

"அண்ணன்தான்."

"நான் அடிப்பனுங்க. கல்யாணத்துக்கு முன்னால டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. இவரு பத்திரம் அடிக்கறதைப் பார்த்துட்டு, தப்பு இருந்தாச் சொல்லுவேன். எங்கிட்ட யாரும் கேட்டதில்லைங்க."

பையைக் கீழே வைத்தேன். அதிலிருந்து ஒரு கதையை எடுத்துக் கொடுத்தேன். மதினி கணினிக்கு முன் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் மெதுவாக, பிறகு ஒரே சீராகச் சத்தம் கேட்டது. நான் இன்னொரு கதையைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

நான்கு மாதம் ஆயிற்று. தம்பி அட்டை வரைந்து கொடுத்தார். அச்சகத்துக்குப் போவதற்கு முன், ஆசிரியர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று போனில் கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன்.

"என் பேரைப் போடச் சொல்லுங்க" என்றார் மதினி. "முன்னால இருக்கற இனிஷியல் அவரோடதுதானே. அது போதுமுங்க."

அப்படியே போட்டோம். இதழ் பங்குனியில் வந்தது. உறைகளில் முகவரி எழுதி, பசை தடவி, தலைமைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, எதிரே இருந்த கடையில் இரண்டு பேரும் கம்மங்கூழ் குடித்தோம். வெயில் கடுமையாக இருந்தது. நான் எதையும் பெரிதாக உணரவில்லை. மதினியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன்.